கிணற்றுத் தெரு வழிமறிச்சான்

சங்கரன்கோவிலில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இரண்டு பேச்சு மனப்பாடமாக இருக்கும். ஒன்று, "கொஞ்சம் ஒதுங்குங்க." இன்னொன்று, "சுத்திப் போ வே." முதலாவதை அவன் மற்றவர்களிடம் சொல்வான். இரண்டாவதை மற்றவர்கள் அவனிடம் சொல்வார்கள். எங்கே சுற்றிப் போவது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, சுற்றிப் போக வழி இருந்தால்தானே!

நான் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடையை ஒட்டித்தான் கிணற்றுத் தெரு தொடங்குகிறது. அதனால் இந்த ஊர் அடைத்துக்கொண்டு திணறுவதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பது என் தலையெழுத்து. ஆரன் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. இன்னொரு காதில் விழுவதே போதும் போதும் என்றிருக்கிறது. மினிபஸ் டிரைவர் பாண்டியராஜின் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், முதலில் ஊரைத் திட்டாமல் ஆரம்பிக்க வரவில்லை.

கோயிலைச் சுற்றி ரத வீதிகளை நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். தேர் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தாண்டி ஊர் வளர்ந்தபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும், எந்தப் பக்கம் போனாலும் எங்கள் கடைவீதிக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். சல்லடையில் ஒரு கண் அடைத்துக்கொண்டால் மாவு அடுத்த கண்ணில் இறங்கிவிடும். எங்கள் ஊர் சல்லடை இல்லை, எண்ணெய் ஊற்றுகிற புனல். ஓட்டை ஒன்றே ஒன்று. அதில் ஒரு குச்சி விழுந்தால் எல்லாம் மேலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆடித்தபசுக்கு ஊரே நின்றுபோகும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அம்பாள் ஒற்றைக் காலில் தபசு நிற்கும்போது நாம் இரண்டு காலில் கொஞ்சம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஆடி போய் ஆவணி வந்த பிறகும் குருவிகுளம் பக்கத்து ஜனம் மினிபஸ்ஸுக்குள் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அவர்களுக்கு எந்தச் சாமி காட்சி கொடுக்கப் போகிறது?

கடைவீதியிலிருந்து அந்தப் பக்கத்து ராஜபாளையம் ரோட்டுக்குப் போகத் தெருக்கள் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் எல்லாத் தெருவும் வண்டி போகிற தெருதான். பிறகு ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு படிக்கட்டை இறக்கினார்கள். எதிரெதிர்ப் படிகள் இடித்துக்கொள்ளாத குறை. அடுத்த தெருவின் நடுவில் தண்ணீர்த் தொட்டி வந்தது. இன்னொரு தெருவில் அலங்கார வளைவு ஒன்று கட்டினார்கள், சரியாக மினிபஸ்ஸின் தலை இடிக்கிற உயரத்தில். ஒவ்வொரு தெருக்காரரும் சொன்னது ஒரே பேச்சுத்தான். "எங்க தெருவுல வண்டி வேண்டாம், அடுத்த தெரு வழியாப் போகட்டும்." அடுத்த தெருக்காரரும் அதையே சொன்னார். இப்படி ஆளாளுக்கு அவரவர் கண்ணை அடைத்து, சல்லடையைப் புனலாக்கினோம்.

இதை எதிர்த்துப் பாண்டியராஜ் அளவுக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் ஊரில் கிடையாது. சொந்த ஊர் பனவடலிசத்திரம். கல்யாணம் முடித்த கையோடு இங்கே கிணற்றுத் தெருவில் குடியேறிவிட்டான். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கமுள்ள கரிசல் கிராமங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு கடைவீதி வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வருவது அவன் ரூட். கரிசல் காட்டில் பறந்து வருகிற வண்டி, கடைவீதி வாயில் வந்ததும் செத்துப்போகும். அங்கிருந்து அவன் வாய் ஆரம்பிக்கும். கரும்புச்சாறு வண்டியைத் திட்டுவான், கடைக்காரன் வெளியே தள்ளி வைத்திருக்கிற போர்டைத் திட்டுவான், படிக்கட்டுத் தெருவைத் தாண்டும்போது அந்தப் படிகளைக் கட்டின கொத்தனாரின் பரம்பரையைத் திட்டுவான். "தெருவை அடைச்சவனெல்லாம் சாகும்போது ஆம்புலன்ஸு வராம சாவான்" என்பது அவன் நித்தியப்படி சாபம்.

இப்படிப்பட்டவன்தான் கல்லை நட்டான். சிரிக்காதீர்கள்.

மற்றத் தெருக்கள் அடைபட அடைபட, மிச்சமிருந்த கிணற்றுத் தெருவின் தலையில் எல்லாப் பாரமும் விழுந்தது. தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன், சரக்கு வண்டி எல்லாம் அதற்குள் நுழைந்தன. பாண்டியராஜின் வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்தது. மாற்றினான், மறுபடி உடைந்தது. ஒருநாள் அவன் பெண்டாட்டி முத்துத்தாய் கொடியில் காயப்போட்டிருந்த சேலையை ஒரு லாரி கொடியோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, இடித்த வீடு ஒன்றின் கல்தூணைக் கொண்டுவந்து தெரு வாயில் நட்டநடுவே குழி தோண்டினான். பக்கத்து வீட்டுக் கணேசன் அண்ணாச்சி தூணுக்கு ஒரு பக்கம் பிடித்தார். அவர் தறிக்கூடம் வைத்திருப்பவர், தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

நான் கடையிலிருந்து இறங்கிப் போய்க் கேட்டேன். "ஏன் பாண்டி, ஊரையெல்லாம் ஏசிட்டு நீயே இப்படிச் செய்யலாமா? நாளைக்கு ஒன் வண்டி எங்கன போவும்?"

"என் ரூட்டு கடைவீதிதானக்கா. இந்தத் தெருவுக்குள்ள எனக்கு என்ன சோலி?" என்றான். "வண்டில இருக்க வரைக்கும் நான் வண்டிக்காரன். வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரன்லா."

ரூட் இருக்கிற வரை மாற்றுவழி யாருக்கும் தேவைப்படாதுதான். ரூட் போன பிறகு தேடினால் அது எங்கிருந்து முளைக்கும்?

அந்தக் கல் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. யாரோ லாரிக்காரன் சங்கிலி கட்டி இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பாண்டியராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை ஆழமாகத் தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி நட்டான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முத்துத்தாயிடம் மஞ்சள் அரைக்கச் சொல்லி, கல்லின் மேலிருந்து கீழ்வரை பூசினான். குங்குமம் வைத்தான். சிவப்புத் துணி சுற்றி, வேப்பங்குழையையும் செருகினான்.

"இனி எந்த லாரிக்காரன் சங்கிலி மாட்டுதான்னு பாக்கேன்" என்று என் கடைப் படியில் உட்கார்ந்து சிரித்தான். அப்போது வழியில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "இது என்ன சாமி தம்பி?" என்று கேட்டார். பாண்டியராஜ் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "வழிமறிச்சான்" என்றான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். நானும்தான் சிரித்தேன்.

லாரிக்காரர்கள் அதற்குப் பிறகு அந்தக் கல்லைத் தொடவில்லை. அது மட்டுமா? வெள்ளிக்கிழமை யாரோ விளக்கு வைத்தார்கள். காணாமல் போன ஆடு கிடைத்தது என்று ஒருத்தி தேங்காய் உடைத்தாள். கணேசன் அண்ணாச்சி மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. அவர் ஒரு மண்டலம் விளக்குப் போட்டார், வரன் அமைந்தது. பெண் பட்டதாரி, பார்க்க லட்சணமாக இருப்பாள், எப்படியும் அமைந்திருக்கும். அதை அவரிடம் போய் யார் சொல்வது? அவர் கல்லைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை கட்டிக் கொடுத்தார். இருந்த இடமும் போயிற்று. இருபுறமும் ஸ்கூட்டி நுழைகிற சந்துதான் மிச்சம்.

இனி பிரேமலதாவைச் சொல்ல வேண்டும். பாண்டியராஜுக்கு ஒரே தங்கை. குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வெங்கடேஷ் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். இவள் அண்ணன் வண்டியில் தினமும் இங்கே தையல் கம்பெனிக்கு வந்து போவாள். அரசாங்கத் தேர்வு எழுதி ஓர் ஆபீஸில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லக் கூடாது, வெறி. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுப்பாள். அந்தத் தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மினிபஸ் கம்பியைப் பிடித்தபடி படிப்பாள். "ஊரே நெரிசல்னு அழுது. எனக்கு அதுதான்க்கா லைப்ரரி" என்பாள். இந்தக் கடைவீதியால் நன்மை அடைந்த ஒரே ஜீவன் அவள்தான்.

சென்ற முறை கொஞ்சம் மார்க்கில் தவறிப்போனது. அவள் மாமியார் வள்ளித்தாய் கொடுமைக்காரி இல்லை, ஆனால் கறாரானவள். "இந்த ஒரு தடவை எழுதிக்கோ. கிடைச்சா உண்டு, இல்லன்னா புஸ்தகத்தை மூட்டை கட்டிட்டு மாடு கன்னைப் பாரு" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். வெங்கடேஷும் போனில் அம்மா பேச்சுக்கு ம் போட்டுவிட்டான்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மையம் ராஜபாளையம் ரோட்டில், ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், பிறகு யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அதனால்தான் பாண்டியராஜ் முதல் ட்ரிப்பிலேயே தங்கையை ஏற்றிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் மற்றவர்களை இறக்கிவிட்டு, அவளைப் பள்ளிக்கூட வாசலிலேயே கொண்டுபோய் விடுவதாக ஓனரிடம் கேட்டு வைத்திருந்தான். எட்டு மணிக்கெல்லாம் போய் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு புரட்டுப் புரட்டலாம் என்பது திட்டம்.

அன்று முகூர்த்த நாளும்கூட. கல்யாண வேன்கள் காலையிலேயே கடைவீதியில் அடைந்துகொண்டிருந்தன. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மேலோட்டமாக மூடி வைத்திருந்தார்கள். நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அதில் பின் சக்கரத்தை இறக்கி, தெருவுக்குக் குறுக்கே சாய்ந்து படுத்துவிட்டது. அவ்வளவுதான், புனலில் குச்சி விழுந்துவிட்டது. முன்னால் போக முடியாது. பின்னால் வந்த வண்டிகள் விலகாததால் ரிவர்ஸும் எடுக்க முடியாது. பாண்டியராஜின் மினிபஸ் என் கடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது.

அதே வண்டியில் தேர்வுக்கு வந்த மற்றப் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். நாலைந்து பேர் என் கடைக்குள் ஏறி, ஆதார் நகல் வேண்டும் என்று கையைக் காலை உதறினார்கள். அவர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பிரேமலதா மட்டும் மினிபஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பையில் கறுப்புப் பேனா, கையில் தண்ணீர் பாட்டில். அண்ணன் வண்டி அல்லவா? அண்ணன் ஒரு வழி செய்வான் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

பாண்டியராஜ் பித்துப் பிடித்தவன் மாதிரி ஆரனை அழுத்தினான். இறங்கி ஓடி நாலு வண்டிகளை இப்படியும் அப்படியும் ஒதுக்கினான். முட்டி மோதி மினிபஸ்ஸைக் கிணற்றுத் தெரு வாய்க்குக் கொண்டுவந்து திருப்பினான். இந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பக்கம் ராஜபாளையம் ரோடு, அப்புறம் ஒரே மிதியில் பள்ளிக்கூடம். வண்டி திரும்பி நின்றது. எதிரே மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டிய கல், மேடையோடு நின்றது.

அவன் நெற்றியை ஸ்டீயரிங்கில் ஒரு முட்டு முட்டினான். அந்தச் சத்தம் என் கடைக்குக் கேட்டது.

பிறகு கீழே குதித்து, எதிர் ஹார்டுவேர் கடையில் கடப்பாறையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். முதல் குத்தில் மேடையின் ஓரம் பெயர்ந்தது. இரண்டாவது குத்துக்குள் கிணற்றுத் தெருவே வெளியே வந்துவிட்டது.

"ஏலே பாண்டி! கடப்பாறையக் கீழ போடு! சாமி மேலயால கை வைக்கே?" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார் கணேசன் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இது சாமி இல்ல. நான் நட்ட கல்லு. நீரும்தான் ஒரு பக்கம் பிடிச்சீரு!"

"நடும்போது கல்லுதான். பொறவு சாமி ஆயிட்டுலா?"

"நான் லாரிக்காரன ஏமாத்த மஞ்சளைப் பூசுனேன் வே! வேற ஒண்ணுமில்ல!"

"நீ ஏமாத்தத்தான் பூசுன. அது உள்ள வந்து உக்காந்துட்டு. எம்மவ கல்யாணம் எதனால நடந்துன்னு நெனைக்கே?"

"அண்ணாச்சி, எந்தங்கச்சிக்கு இன்னைக்குப் பரீட்சை. ஒம்பது மணிக்கு கேட்டை அடைச்சிருவான். ஒங்க கால்ல விழுதேன், வழி விடுங்க."

"நான் வேண்டாம்னா சொன்னேன்? நல்லா எழுதட்டும். சுத்திப் போ!"

பாண்டியராஜ் அவரைப் பார்த்தான். அவன் ஆயுசில் எத்தனை ஆயிரம் முறை அந்த வார்த்தையைக் கேட்டிருப்பான். அன்றைக்குத்தான் அவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும். கடப்பாறையை மறுபடி ஓங்கினான். கணேசன் அண்ணாச்சி கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள், ஒருத்தி கற்பூரத்தைக் கொளுத்தினாள். குத்தினாலும் அந்தக் கல் அசைந்திருக்காது. அவன்தான் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி, பிரளயம் வந்தாலும் நிற்கும்படி நட்டிருக்கிறானே!

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு இறங்கினேன். "ஏட்டி பிரேமா, இவனுகளோட சேர்ந்து நீயும் நிக்காத. ஏறு என் வண்டில" என்று, மினிபஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் ஸ்கூட்டி தெருவுக்குள்தான் நின்றது. மேடை ஓரச் சந்தில் நடந்து நுழைந்து அதை எடுத்தோம். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "போம்மா, போ!" என்று அவன் கத்தினான்.

தெருவின் மறுமுனையில் இன்னொரு கூத்து. கடைவீதி அடைத்ததால் ராஜபாளையத்திலிருந்து வந்த வண்டிகளும் நகராமல் நின்று, ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து, மொத்த ரோட்டையும் மூடிவிட்டிருந்தன. பூ அலங்காரத்தோடு ஒரு மாப்பிள்ளைக் கார். அதற்குள் மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார். சாக்கடை விளிம்பிலும் கடைப் படிகளிலும் ஸ்கூட்டியை ஏற்றி இறக்கி ஓட்டினேன். பிரேமலதா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு இடத்தில் இறங்கி, முன்னால் நின்ற பைக்கைத் தானே தூக்கி ஓரம் வைத்துவிட்டு வந்து ஏறினாள்.

பள்ளிக்கூட வாசல் கண்ணில் பட்டபோது கேட் திறந்துதான் இருந்தது. கிட்டே போவதற்குள் இரண்டு கதவும் சேர்ந்தன. ஸ்கூட்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிப் போய்க் கம்பியைப் பிடித்தாள். கேட்டில் நின்ற போலீஸ்காரப் பெண் கெட்டவள் இல்லை. "நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க?" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வெளியே இன்னும் சிலர் நின்றார்கள், ஒரு பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். பிரேமலதா அழவில்லை. கம்பி வழியாக உள்ளே மரத்தடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் தாங்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷப் படிப்பை மண்ணாக்க ஒரு கல் போதுமா? அதுவும் கூடப் பிறந்தவன் நட்ட கல்!

மத்தியானம் திரும்பி வந்தபோது லாரியை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைவீதி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டியராஜ் என் கடைப் படியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிரேமலதா அவன் முன்னால் நின்றாள். "அது சாமி இல்லன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெருவுக்குச் சொல்லுண்ணே. இப்பமே சொல்லு" என்றாள்.

அவன் போனான். தெரு நடுவில் நின்று, வீடு வீடாகக் கூப்பிட்டு, தொண்டை கட்டின குரலில் சொன்னான். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இதுல சாமியும் இல்ல, பூதமும் இல்ல. லாரிக்காரன விரட்ட நான் செஞ்ச வேலை. வழிமறிச்சான்னு பேரு வச்சதும் நான்தான். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சேன். எல்லாரும் ஒரு கை குடுங்க, பிடுங்கிப் போட்டுருவோம்."

கடைசியில் கணேசன் அண்ணாச்சிதான் கிட்டே வந்து அவன் தோளில் கை போட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. "போதும் மக்கா. நீ ஏற்கனவே கடப்பாறையை வச்சிட்ட. ஒடனே தங்கச்சி பரீட்சையைப் பிடுங்கிட்டு. இதுக்கு மேலயும் பேசுனா இன்னும் என்னத்தப் பிடுங்குமோ! போ, போய்த் தண்ணியக் குடி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அந்த வாரமே கதை பரவிவிட்டது. கல்லை அசைக்கப் போனவனின் தங்கச்சிக்கு, அசைத்த நிமிஷத்திலேயே கேட் மூடிவிட்டதாம். பாண்டியராஜின் மினிபஸ்ஸுக்குள்ளேயே, அவன் முதுகுக்குப் பின்னால், அவன் காதுபடவே இதைப் பேசினார்கள். கிணற்றுத் தெருவைத் தாண்டும்போது பஸ்ஸில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அவன் யாரையும் திட்டுவதில்லை. படிக்கட்டுத் தெருவைத் தாண்டும்போதும் வாயை மூடிக்கொண்டு போகிறான். அவன் திட்டாத கடைவீதி எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கதை குருவிகுளம் தாண்டி வள்ளித்தாய் காதுக்கும் போனது. அவள் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாளாம். "ஒனக்குத் துப்பு இல்லன்னுலா நான் நெனச்சேன். இது சாமி குத்தம்லா! ஒம்மேல தப்பில்ல தாயி. அந்தக் கல்லுக்கு ஒரு பொங்கலை வச்சிட்டு அடுத்த தடவையும் எழுது. வெங்கடேசங்கிட்ட நான் சொல்லுதேன்."

பிரேமலதா இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லாரியைச் சொன்னால் மாமியார் கேட்டிருக்க மாட்டாள். தெருவைச் சொன்னால் புரிந்திருக்காது. அண்ணன் சொன்ன பொய் ஒன்றுதான் எடுபட்டது.

போன வெள்ளிக்கிழமை காலையில் பொங்கல். கணேசன் அண்ணாச்சி முன்னின்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டார். பந்தல்கால் என் கடை வாசல் வரை வந்துவிட்டது, ஸ்கூட்டி நுழைகிற சந்தும் போய்விட்டது. வள்ளித்தாய் புதுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரேமலதா கல்லுக்கு முன்னால் அடுப்புக் கூட்டி, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பானையில் அரிசியைக் களைந்து போட்டாள். பாண்டியராஜ் பக்கத்தில் தேங்காயை வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

பந்தலுக்கு வெளியே வெளியூர் ஆட்டோ ஒன்று வந்து நின்று ஆரன் அடித்தது. பின் சீட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "கடைவீதியில அசையல. இப்படி விடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான் டிரைவர்.

"பொங்கல் நடக்குலா? சுத்திப் போ" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"எங்கனய்யா சுத்த?" என்றான் அவன். நாலைந்து பேரும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆட்டோ பின்னால் நகர்ந்து, மறுபடி கடைவீதி நெரிசலின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. பாண்டியராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரேமலதாவின் காதருகே குனிந்து, "நீயுமாட்டி இதுக்குப் பொங்கல் வைக்கே? ஒனக்குத் தெரியும்லா?" என்றேன்.

அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தெரியும்க்கா. ஆனா கல்லு போகப்போறதில்ல. அப்பம் அதுகிட்டதான வழி கேக்கணும்?"

பானை பொங்கியது. எல்லாரும் குலவையிட்டார்கள். பாண்டியராஜ் தேங்காயை ஓங்கி, தான் நட்ட கல்லிலேயே உடைத்தான்.